லாரிப் பட்டையில் அடித்த கத்தி: தோப்புக்கா, சமையல்கட்டுக்கா?

3 ஜூன் 2023, ஒரு வாசகர் கேட்டது

மடக்காத கத்தி ஒன்று வேண்டும். தோப்பு வேலை, கூடாரம் போட்டுத் தங்கும் நாட்கள், வீட்டில் காய் நறுக்குவது, எல்லாவற்றுக்கும் ஒரே கத்தி. முதுகு குறைந்தது 5 மி.மீ. தடிமன் இருக்க வேண்டும் என்கிறார்கள், சரியா? வெளிநாட்டுக் கத்தி வாங்குவதா, ஊர்ப் பட்டறையில் அடிக்கக் கொடுப்பதா?

3 ஜூன் 2023, இரவு

சரிதான். 5 மி.மீ.க்குக் குறைந்து போகாதீர்கள். போன மாதம் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பட்டறையில் பழைய லாரிப் பட்டை, அதாவது சக்கரத்துக்கு மேல் பாரம் தாங்கும் ஸ்பிரிங் தகடு, கொடுத்து அடித்து வாங்கினேன். அலகு 13 செ.மீ., அகலம் 35 மி.மீ., முதுகு முழு 5 மி.மீ. பிடிக்குள் போகும் காம்பு கடைசி வரை ஒரே இரும்பாக ஓடுகிறது. எடை 310 கிராம். கையில் எடுத்தாலே ஒரு தைரியம் வருகிறது.

அடித்துக் கொடுத்தவர் நான் வரைந்து கொண்டுபோன படத்தைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, இது கத்திங்களா, கடப்பாரைங்களா?" என்றார். சிரித்துவிட்டு வந்தேன்.

4 ஜூன் 2023

என்ன இரும்பு என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். நம் ஊர் லாரிப் பட்டைகள் பெரும்பாலும் சிலிக்கான் மாங்கனீஸ் கலந்த ஸ்பிரிங் ஸ்டீல், சிலவற்றில் குரோமியம் உண்டு. கார்பன் ஏறக்குறைய 0.6 சதவீதம். கட்டடக் கம்பியில் 0.2 பக்கம்தான் இருக்கும், அதை எத்தனை முறை காய்ச்சித் தோய்த்தாலும் கத்தியாகாது. பட்டையில் பயப்பட வேண்டியது கலவைக்கு அல்ல, விரிசலுக்கு. பத்து வருடம் பாரம் தாங்கி அதிர்ந்த இரும்பு அது. ஒரு ராத்திரி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, நன்றாகத் துடைத்து, மேலே சுண்ணாம்புப் பொடி தூவி வைத்தேன். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து பொடியில் கோடு விழும். விழவில்லை.

தோய்ச்சல், அதாவது காய்ச்சி முக்கி இரும்பைக் கடினமாக்குவது, அதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். காந்தம் ஒட்டாத சூடு வரை காய்ச்சினார், அதாவது 770 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் அவரிடம் காந்தமும் இல்லை, மீட்டரும் இல்லை. நிறம் தெரிய வேண்டும் என்று உலைப் பக்கத்து ஜன்னலைச் சாக்கால் மூடி வைத்திருக்கிறார். வாய்ப்பக்கத்தை, அதாவது கூர் வரும் ஓரத்தை, மட்டும் எண்ணெயில் இறக்கி எடுத்து, செங்கல் துண்டால் தேய்த்து வெள்ளை காட்டினார். முதுகில் மிச்சமிருந்த சூடு மெல்ல வாய்க்கு இறங்க, வைக்கோல் நிறம் ஓடி வந்தது. வந்ததும் முழுசாக முக்கிவிட்டார். வாய் கடினம், முதுகும் காம்பும் மெத்து. அரிவாளுக்குக் காலங்காலமாகச் செய்வதுதான்.

11 ஜூன் 2023

இந்த வாரம் முழுக்கச் சோதனை.

முதலில் அரம். நல்ல அரம், இரும்பின் கடினத்தை அளக்கும் ராக்வெல் சி கணக்கில், 65 பக்கம் இருக்கும். கத்தியின் வாயில் வைத்து இழுத்தால் கண்ணாடி மேல் போவதுபோல் வழுக்கியது, முதுகில் கடித்தது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

அடுத்து பித்தளைக் கம்பி. கத்தியைச் சாய்த்து வாயைக் கம்பி மேல் அழுத்தி இழுத்தால், விளிம்பு லேசாக வளைவது வெளிச்சத்தில் தெரியும். விட்டதும் நேராகிவிட்டால் பதம் சரி. வளைந்தபடியே நின்றால் மெத்து, பொடிந்தால் தோய்ச்சல் அதிகம். கம்பி தேடச் சோம்பேறித்தனப்பட்டு வீட்டுக் குத்துவிளக்கின் தண்டைப் பிடித்தேன். கத்தி பாஸ். எனக்கு அன்று சாயங்காலம் காபி இல்லை.

பிறகு உடைப்பு வேலை. காய்ந்த தென்னை மட்டையை நெடுக்கில் பிளந்தேன், கைப்பருமன் புளிய விறகு மேல் கத்தியை வைத்துக் கட்டையால் அடித்துப் பிளந்தேன். வாய் கெடவில்லை, பிடி ஆடவில்லை. 5 மி.மீ. பற்றிச் சந்தேகப்பட்டவர்கள் கவனிக்கவும்.

12 ஜூன் 2023

"இளநீர் வெட்டிப் பார்த்தீர்களா?"

பார்த்தேன். 14 வெட்டு. மாமா கொடுவாளால் 4 வெட்டில் முடித்துவிட்டு என் கத்தியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கேள்வி.

18 ஜூன் 2023

3 ஜூன் அன்று எழுதியதை அழிக்கப் போவதில்லை, கிடக்கட்டும். ஆனால் அதை நம்பி யாரும் பட்டறைக்குப் போய்விடாதீர்கள்.

நேற்று அம்மாவிடம் கத்தியைக் கொடுத்தேன். ஒரு கேரட். வாய் முக்கால் சென்டிமீட்டர் இறங்கியதும் 'டொப்' என்று கேரட் தானாகப் பிளந்து ஒரு பாதி மிக்ஸிக்குப் பின்னால் போய் விழுந்தது. அடுத்த துண்டும் அப்படியே. அது நறுக்கு இல்லை, ஆப்பு. தக்காளித் தோலில் இறங்கியது, அந்த அளவுக்குக் கூர் இருக்கிறது. வெங்காயத்தில் பாதி வழியில் சிக்கிக்கொண்டது. அம்மா கத்தியைத் தண்ணீரில் அலசி என்னிடமே நீட்டி, "ஆட்டுக்கால் வாங்கியாந்தா சொல்லு. காயை நான் அருவாமனையிலயே பாத்துக்கறேன்" என்றார்.

வெர்னியர் வைத்து அளந்தேன். கூர் முடிந்து அலகு தொடங்கும் இடத்தில் 1.2 மி.மீ. சமையல் கத்தியில் இது கால் மி.மீ. பக்கம் இருக்கும். கூர் என்பது விளிம்பின் கடைசி நூலிழை சமாச்சாரம். வெட்டு ஓடுகிறதா என்பது அந்த நூலிழைக்குப் பின்னால் வரும் சதையைப் பொறுத்தது. இத்தனை நாள் முதுகையே அளந்துகொண்டிருந்திருக்கிறேன்.

ஒப்பிட நண்பர் ஒருவரின் ஸ்வீடன் கத்தி கிடைத்தது, மோரா கம்பேனியன். 1891 முதல் மோரா என்ற ஊருக்குப் பக்கத்து ஓஸ்ட்நோரில் கத்தி செய்துவரும் பரம்பரை. அலகு 2.5 மி.மீ.தான், என்னுடையதில் பாதி. அதே கேரட் அதில் சத்தமில்லாமல் வட்டம் வட்டமாக விழுந்தது. அம்மா, "இது யாருது?" என்றார்.

25 ஜூன் 2023

இளைக்க வைக்க முடிவு செய்தேன். முதுகு 5 மி.மீ. இருக்கட்டும், அங்கிருந்து வாய் வரை சரிவாக இறக்குவது. இலக்கு, கூருக்குப் பின்னால் அரை மி.மீ.

தோய்ச்சல் விழுந்த இரும்பை அரத்தால் ராவ முடியாது. ஆங்கிள் கிரைண்டரில் ஃபிளாப் டிஸ்க், அதாவது எமரித் துண்டுகள் அடுக்கிய வட்டு, மாட்டினேன். வெறுங்கையால் அலகைப் பிடித்துக்கொண்டு, சூடு கையில் உறைத்ததும் வாளித் தண்ணீரில் முக்குவது, திரும்பத் தேய்ப்பது. கையுறை போட்டால் சூடு தெரியாது. வெள்ளிக்கிழமை இரவு, சனிக்கிழமை முழுவதும் இப்படியே ஒழுங்காகப் போனது. ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். இன்னும் ஒரு இழுப்பு என்று நுனியில் வைத்தேன்.

நுனி நீலமாகிவிட்டது. மயில் கழுத்து நீலம், பார்க்க அழகாகத்தான் இருந்தது.

29 ஜூன் 2023

"உடனே தண்ணீரில் முக்கினால் பதம் திரும்பாதா?" என்று கேட்டவருக்கு: திரும்பாது. நீலம் என்றால் அந்த இடம் 300 டிகிரி பக்கம் தொட்டுவிட்டது. நமக்கு வேண்டியது 200 தாண்டி வரும் வைக்கோல் நிறம், அதைக் கடந்தால் மெத்தாகிவிடும். பிறகு முக்கினால் ஆறும், அவ்வளவுதான். கடினம் திரும்ப வேண்டுமானால் முதலிலிருந்து காய்ச்சித் தோய்க்க வேண்டும். அரம் வைத்துப் பார்த்தேன், நுனியில் 6 மி.மீ. வரை கடித்தது. மனசைக் கல்லாக்கிக்கொண்டு அந்த 6 மி.மீ.யைத் தேய்த்தே எடுத்துவிட்டேன். அலகு இப்போது 12.4 செ.மீ. நுனி முன்னைவிட மொட்டையாக இருக்கிறது. முதலிலேயே இப்படித்தான் நினைத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இப்போது கூருக்குப் பின்னால் 0.5, எடை 282 கிராம். கீறல்களை எடுக்க 120-இல் ஆரம்பித்து 400 வரை எமரித் தாள், தண்ணீர் விட்டு. மூன்று மாலை. நடுவிரல் நகம் பாதி போனது.

கேரட் விழுகிறது. மோரா அளவுக்கு இல்லை, ஆனால் மிக்ஸிப் பக்கம் பறப்பதில்லை.

9 ஜூலை 2023

தீட்டும் கோணத்தை எப்படிப் பிடிப்பது என்று கேட்டவருக்கு என் குறுக்குவழி. கோணமானி வேண்டாம். அலகின் அகலம் 35 மி.மீ. ரிமோட்டில் போடும் ஒல்லி பேட்டரியின் குறுக்களவு 10.5 மி.மீ. அதைக் கல்லின் மேல் படுக்க வைத்து, அதன்மேல் முதுகைச் சாய்த்தால் 10.5 கீழ் 35, அதாவது 0.3. சைன் 0.3 என்றால் 17.5 டிகிரி. கை அந்தச் சாய்வைப் பழகியதும் பேட்டரியை எடுத்துவிட்டுத் தீட்டலாம். பக்கத்துக்கு 17.5, சமையலுக்கும் தோப்புக்கும் நடுவில் நல்ல இடம்.

10 ஜூலை 2023

நேற்று எழுதியது தப்பு. கணக்கு வாத்தியார் ஒருவர் தனிச்செய்தியில் பிடித்துவிட்டார். கோணத்தை அலகின் நடுக்கோட்டிலிருந்து அளக்க வேண்டும். முதுகு 5 மி.மீ. என்றால் நடுக்கோடு அதன் அடிப்பக்கத்திலிருந்து 2.5 மி.மீ. மேலே. பேட்டரியின் 10.5-உடன் அதைச் சேர்த்தால் 13. பதின்மூன்றை 35-ஆல் வகுத்தால் 0.37, கோணம் 22 டிகிரிக்குச் சற்றே குறைவு. அதாவது 17.5 என்று நம்பிக்கொண்டு இத்தனை நாளும் 22-இல் தீட்டியிருக்கிறேன். 17.5 வேண்டுமானால் முதுகை 8 மி.மீ. தூக்கினால் போதும். மெல்லிய கத்தியில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. தடிமன் என்னை இரண்டாவது முறை கவிழ்த்திருக்கிறது.

8 மி.மீ.க்கு என்ன வைப்பது? மரச்சட்டம் ஒன்றைச் சீவிக்கொண்டேன். பேட்டரி ரிமோட்டுக்குத் திரும்பிவிட்டது.

30 ஜூலை 2023

பிடி.

பட்டறையில் போட்டுக் கொடுத்தது வேப்ப மரம், நாலு பக்கமும் சதுர வாட்டம். அரை மணி நேரம் சீவினால் கட்டைவிரல் அடியில் கொப்புளம். கழற்றிவிட்டு, மாமா தோப்பில் விழுந்து இரண்டு வருடமாகக் காய்ந்த புளிய மரத்தின் வைரம் பாய்ந்த நடுப்பகுதியில் இரண்டு பட்டை அறுத்துக்கொண்டேன். கறிக்கடைக் கட்டைக்குப் போடும் மரம், அடியைத் தாங்கும். ஆனால் ரம்பத்தைப் பழிவாங்கும்.

உருட்டையாகப் பிடி செய்யாதீர்கள். ஈரக்கையில் சுழலும், இருட்டில் வாய் எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரியாது. முட்டை வாட்டம் நல்லது. என்னுடையது 32க்கு 23 மி.மீ. அளவு தெரியாவிட்டால் பூரி மாவு பிசைந்து காம்பில் அப்பி, இறுக்கிப் பிடித்து, விரல் தடத்தைப் பார்த்துச் செதுக்கலாம். நான் அப்படித்தான் செய்தேன். அந்த மாவை என்ன செய்தோம் என்று கேட்காதீர்கள்.

காம்புக்குத் தோய்ச்சல் விழாததால் சாதாரண டிரில் பிட்டே துளை போட்டது. மூன்று துளை, 6 மி.மீ. பித்தளைக் கம்பி, இரண்டு பக்கமும் அடித்து மலர்த்தியது. மரத்துக்கும் இரும்புக்கும் நடுவில் எப்பாக்சி பசை, ஒட்டுவதற்கு மட்டுமில்லை, தண்ணீர் புகுந்தால் உள்ளுக்குள்ளேயே துரு தின்னும். மேலே முதலில் தேங்காயெண்ணெய் தடவினேன். அது காயவே காயாது. ஒரு வாரம் பிசுபிசுத்து எறும்பு வந்தது. ஆளி விதை எண்ணெய்தான் காற்றில் காய்ந்து இறுகும். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

13 ஆகஸ்ட் 2023

மழை. காற்றே ஈரம். தோல் உறையில் போட்டு வைத்த கத்தியை நாலு நாள் கழித்து உருவினால் மஞ்சள் புள்ளிகள். தோல் ஈரத்தைக் குடித்துவைத்து இரும்புக்கு ஊட்டுகிறது. இடுப்பில் போகும்போது மட்டும் தோல், வீட்டில் உறையில்லாமல் தொங்கட்டும் என்று முடிவு.

தோப்புக்கு பிவிசி குழாயில் ஒரு உறை செய்தேன். ஒன்றரை அங்குலக் குழாயைச் சூடு காட்டி, இளகியதும் நெடுக்கில் அறுத்து விரித்து, துணி சுற்றிய கத்தியின் மேல் மடித்து இரண்டு பலகைக்கு நடுவே அழுத்துவது. கரியவிட்டால் வரும் புகை நெஞ்சை எரிக்கும், வெளியில் வைத்துச் செய்யுங்கள். பார்க்கக் குழாய் மாதிரியேதான் இருக்கும். கீழே ஒரு துளை போட மறக்காதீர்கள், தண்ணீர் வடிய.

துருவுக்கு என் வழி புளி. கெட்டியாகக் கரைத்து அலகில் பூசி 20 நிமிடம் வைத்துக் கழுவினால் சாம்பல் கறுப்பு பிடிக்கும். கறுப்பு ஒட்டிக்கொண்டு காக்கும், சிவப்புத்தான் தின்னும். சிவப்பு வந்தால் தேய்த்து எடுத்துவிட்டுத் திரும்பப் புளி. ராத்திரி முழுக்க வைத்தால் அழகாக வருமென்று ஒருவர் எழுதியிருக்கிறார். குழி விழும், வேண்டாம். உண்மையில் புளியைவிட எனக்கு நல்ல கறுப்பு கொடுத்தது வாழைக்காய். நாலு காய் சீவியதும் அதன் கறையே நீலமும் கறுப்புமாகப் படிந்துவிட்டது. கறுப்புப் பிடிக்கும் முன் மாங்காய் நறுக்கினால் இரும்பு வாசம் அடிக்கும், ஊறுகாய்க்குப் போகாதீர்கள்.

20 ஆகஸ்ட் 2023

"இதையெல்லாம் இடுப்பில் மாட்டிக்கொண்டு டாப்ஸ்லிப் போகலாமா?"

போகாதீர்கள். அது ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. நான் கூடாரம் போடுவது மாமாவின் தென்னந்தோப்பில். சரணாலயத்துக்குள் முன் அனுமதி எழுத்தில் இல்லாமல் ஆயுதத்தோடு நுழைவதை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு தடுக்கிறது, அந்தச் சட்டத்தின் வரையறையில் கத்தியும் ஆயுதம்தான். அது தவிர, ஆயுத விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திக்குத் தனிக் கணக்கு. வீடு, விவசாயம், தொழில் போன்றவற்றுக்கானவை மட்டும் அதில் விலக்கு. என்னுடையது 5 அங்குலம்கூட இல்லை. ஆனாலும் பஸ்ஸில் போனால் உறையோடு துணியில் சுற்றிப் பையின் அடியில்தான் வைப்பேன். பக்கத்து சீட்காரர் சட்டம் படித்தவராக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

25 அக்டோபர் 2023

ஆயுத பூஜைக்குக் கத்தியையும் வைத்தோம். ஸ்பானர், அரிவாள்மனை, என் தம்பியின் லேப்டாப், நடுவில் இது. சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்து இரண்டு நாள் எடுக்கக் கூடாது என்று உத்தரவு. நேற்று மாலை எடுத்துத் துடைத்தால் சந்தனம் இருந்த இடத்தில் மூன்று வட்டத் துரு. ஈரச் சந்தனம் இரும்பை இப்படிப் பிடிக்கும் என்று நினைக்கவில்லை. தேய்த்தும் ஒரு வட்டம் போகவில்லை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அடுத்த வருடம் பிடியில்தான் சந்தனம்.

17 டிசம்பர் 2023

நேற்று இரவு தோப்பில் தங்கினோம், நாலு பேர். ஃபெரோ ராட் என்கிற தீப்பொறிக் கம்பியை உரசுவதற்காகவே முதுகின் ஓரத்தை மழுங்காமல் சதுரமாக ராவி வைத்திருந்தேன், அதற்கே ஒரு மாலை போயிருந்தது. பொறி நன்றாகவே பறந்தது. விறகைப் பூப்போலச் சீவி அதில் பற்றவைக்கும் வித்தையை வீடியோக்களில் பார்த்திருக்கிறேன், அதையும் ஆரம்பித்தேன். மாமா தென்னையிலிருந்து ஒரு பன்னாடையை, மட்டையடியில் இருக்கும் அந்த நார்வலையை, பிய்த்துப் போட்டார். ஒரு பொறி, பற்றிக்கொண்டது. குளிர் தேசத்து ஈர விறகுக்குக் கண்டுபிடித்த வித்தையைத் தென்னைக்கு அடியில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தேன்.

அன்று கத்தி செய்த வேலைகளை எண்ணிப் பார்த்தேன். கயிறு அறுத்தது, வெங்காயம், தக்காளி, கோழியை மூட்டு மூட்டாகப் பிரித்தது, கூடாரத்துக்கு நாலு முளை சீவியது, பிஸ்கட் பாக்கெட் இரண்டு. கட்டையால் அடித்துப் பிளக்கும் வேலை ஒன்றுகூட வரவில்லை. விறகுக்குக் கொடுவாள் இருந்தது. கூடாரம் போடும் எல்லோரிடமும் கொடுவாள் இருக்காது என்று ஒருவர் சொல்வார், நியாயம்தான். தோப்பு வைத்திருப்பவரிடம் இருக்கும்.

21 ஜனவரி 2024

முதலில் கேள்வி கேட்ட நண்பர் திரும்ப வந்திருக்கிறார். இவ்வளவையும் படித்துவிட்டு "அப்ப எத்தனை மி.மீ. சொல்றீங்க?" என்கிறார். மூன்று. முடிந்தால் இரண்டரை. கூருக்குப் பின்னால் அரைக்குக் குறைவாக இருக்கிறதா என்று அளந்துவிட்டு வாங்குங்கள். ஊர்ப் பட்டறையா, வெளிநாடா என்று கேட்டால், உடனே காய் நறுக்க வேண்டுமானால் அந்த மோரா போதும். நகம் போனாலும் பரவாயில்லை என்றால் பட்டறை.

பொங்கலுக்குக் கரும்புத் துண்டு போட்டது என் கத்திதான். அதற்கப்புறம் அது தோப்புக்கு வரவில்லை. அம்மா சிங்க் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டார். வாழைப்பூ நறுக்கவும் பூசணி உடைக்கவும் சௌகரியமாக இருக்கிறதாம். நான் கேட்டதற்கு, "உனக்கு வேற அடிச்சுக்க" என்று பதில்.

பட்டறைக்குப் போனேன். 3 மி.மீ. என்றதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். லாரிப் பட்டையை அவ்வளவு மெலிசாக அடித்து இழுக்க ஒரு நாள் போய்விடும், மர மில்லில் பழைய வட்ட ரம்பம் இருந்தால் கொண்டு வா என்றார். உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சிப் பக்கம் யாரிடமாவது பல்லில் கார்பைடு என்கிற கடினத் துண்டு ஒட்டாத பழைய ரம்பத் தகடு இருந்தால் சொல்லுங்கள். உடைந்ததாக இருந்தாலும் பரவாயில்லை, எனக்கு ஒரு முழம் வந்தால் போதும்.